ரிப்போர்ட்டர் காதுல அவரோட குரலே திரும்பி வருது, எந்த வயரை மாத்திச் சொருகினேன்?

கேள்வி, ஜூன் 9

அண்ணா, பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன கேபிள் சேனல்ல வேலை செய்றேன். வெளியில லைவ் போறப்போ ரிப்போர்ட்டர் காதுக்கு மிக்ஸர் மெயின் அவுட்டையே பிரிச்சுக் குடுத்துட்டு இருக்கேன். அவர் பேசினது ஒரு செகண்டு கழிச்சு அவர் காதுலயே திரும்பி விழுது, வாய் குழறுது, இயர்பீஸைக் கழட்டிட்டுத்தான் பேசுறார். கழட்டிட்டா நான் "முடிச்சுக்கோ"ன்னு சொல்றது கேக்க மாட்டேங்குது. ஆடி 18க்கு ஒகேனக்கல் லைவ் இருக்கு. பழைய ஐஎஃப்பி செட் (ப்ரோக்ராம் சத்தத்தையும் நடுவுல டைரக்டர் குரலையும் காதுக்கு அனுப்புற பெட்டி) ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோம், மூணு பின் எக்ஸ்எல்ஆர் ப்ளக்தான் இருக்கு, அதை மிக்ஸர் மைக் இன்புட்ல சொருகலாமா?

ஜூன் 9, இரவு 10.50

சொருகாதே தம்பி. மத்ததெல்லாம் அப்பறம், இதுக்கு மட்டும் இப்பவே பதில்.

ஐஎஃப்பி செட்ல இருந்து ரிப்போர்ட்டரோட இடுப்புப் பெட்டிக்கு (இயர்பீஸ் சொருகுற சின்னப் பெட்டி) போற வயர் பாக்கிறதுக்கு மைக் வயர் மாதிரியே இருக்கும், அதே எக்ஸ்எல்ஆர், அதே கறுப்பு கேபிள். ஆனா அதுல ஆடியோவோட சேர்ந்து 30 வோல்ட் வாக்குல டிசி ஓடுது, இடுப்புப் பெட்டிக்குக் கரண்ட்டே அதுலதான். மைக்குக்குப் போற 48 வோல்ட் ஃபேன்டம் பவர் 2வது பின், 3வது பின் ரெண்டுலயும் சமமா நிக்கும், அதனால சாதா டைனமிக் மைக்கோட காயிலுக்கு ஒண்ணும் ஆகாது. ஐஎஃப்பி லைன்ல வோல்ட் ஒரே பின்லதான், அதுல டைனமிக் மைக்கைச் சொருகினா அந்த வோல்ட் நேரா காயில்ல பாயும், காயில் போனாலும் போகும். மிக்ஸர் இன்புட்டும் அப்படித்தான், தாங்கினாலும் தாங்கும், தாங்காமயும் போகும்.

மிக்ஸர்ல இருந்து ஆடியோ போக வேண்டியது செட்டோட "ப்ரோக்ராம் இன்" ஜாக்குக்கு. அது காய்ஞ்ச லைன், வோல்ட் கிடையாது. அவுட்ல இருந்து இடுப்புப் பெட்டிக்குப் போறது ஈர லைன். இங்கிலீஷ்லயும் டிரை, வெட்னுதான் பேரு. ஈர லைனோட ரெண்டு முனையிலயும் சிவப்பு டேப் சுத்து, நான் இருவது வருஷமா அப்படித்தான் சுத்துறேன்.

ஜூன் 10, காலை 7.15

இப்ப உன் கேள்விக்கு வரேன். நீ எந்த வயரையும் மாத்திச் சொருகல. சரியாத்தான் சொருகியிருக்க, அனுப்புற சத்தம்தான் தப்பு.

மெயின் அவுட்ல எல்லாரோட குரலும் இருக்கு, ரிப்போர்ட்டர் குரலும்தான். அவர் குரல் அங்கிருந்து 4ஜி பெட்டியில ஏறி, உன் மிக்ஸருக்கு வந்து, மெயின்ல கலந்து, திரும்ப அவர் காதுக்குப் போகுது. அந்தப் போக்குவரத்துல ஒரு செகண்டு ஆயிடுது. தன் குரலையே 200 மில்லிசெகண்டு வாக்குல தாமதமாக் கேட்டா எப்பேர்ப்பட்டவனுக்கும் நாக்கு சிக்கும், இது நல்லா ஆராய்ஞ்சு பாத்த விஷயம், மனுசனோட மூளை அப்படி. ஒரு செகண்டு ஆனா குழறல் கொஞ்சம் கம்மி, ஆனா பின்னாடி இருந்து யாரோ பேசுற மாதிரியே இருக்கும், பேசுறவர் நின்னு நின்னு பேசுவார். ரிப்போர்ட்டரைக் குறை சொல்லாத. இந்த ஊர்ப்பக்கம் எத்தனை நல்ல பிள்ளைங்களை "லைவ்ல திக்குறான்"னு சொல்லி ஒதுக்கிட்டாங்க, எல்லாம் இந்த ஒரு வயரால. இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் ஆத்திரம் வருது.

அவருக்கு அனுப்ப வேண்டியது எல்லாரும் இருக்கிற, அவர் மட்டும் இல்லாத கலவை. மிக்ஸ் மைனஸ்னு சொல்றது இதைத்தான். மிக்ஸர்ல ஒரு ஆக்ஸ் (மெயின் இல்லாம தனியா இன்னொரு கலவை எடுக்கிற அவுட்) எடுத்துக்கோ. ஸ்டுடியோ மைக், விஎல்சில ஓடுற வீடியோ, பாட்டு, எல்லாச் சேனல்லயும் அந்த ஆக்ஸ் குமிழைத் திற. ரிப்போர்ட்டர் வர்ற சேனல்ல மட்டும் சுத்தமா மூடு. அந்த ஆக்ஸ் அவுட்டை ஐஎஃப்பி ப்ரோக்ராம் இன்னுக்குக் குடு. இதுக்கு காசே செலவில்ல.

ரெண்டு ஊர்ல ரெண்டு ரிப்போர்ட்டர்னா ரெண்டு ஆக்ஸ் வேணும். ஒரே மைனஸ்ல ரெண்டு பேரையும் எடுத்துட்டா ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்காது.

ஜூன் 10, மதியம் 1.30

சொல்ல விட்டுப்போச்சு. உன் பக்கத்துலயே ஸ்டுடியோவுல உக்காந்திருக்கிற ஆங்கருக்கு இது தேவையில்ல, அவருக்கு லேட்டே கிடையாது, தன் குரல் காதுல கேட்டாத்தான் அவருக்குத் தெம்பு. அவருக்கு மெயினையே குடு. வெளியில நிக்கிறவருக்குத்தான் மைனஸ்.

ஜூன் 14, இரவு 11.20

பத்தாம் தேதி காலையில போட்டதைத் திருப்பிப் படிச்சேன், ஒரு முக்கியமான இடத்தை விட்டுட்டு ஓடியிருக்கேன். ஆக்ஸ்னு மொட்டையா சொல்லிட்டேன். ப்ரீ ஃபேடரா போஸ்ட் ஃபேடரான்னு ஓசூர்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார், அவர் கேட்டது நியாயம். ஃபேடர்ங்கிறது சேனலோட சத்தத்தை ஏத்தி இறக்குற நழுவு குமிழ். ப்ரீன்னா அதுக்கு முன்னாடி சத்தத்தை எடுக்கிறது, போஸ்ட்னா அதுக்குப் பின்னாடி.

சின்ன மிக்ஸர்கள்ல பெரும்பாலும் ஆக்ஸ் 1 மானிட்டருக்குன்னு ப்ரீயா இருக்கும், ஃபேடரை இறக்கினாலும் அதுல சத்தம் போய்க்கிட்டே இருக்கும். எஃபெக்ட் குமிழ் போஸ்ட்டா இருக்கும், ஃபேடரோட ஏறும் இறங்கும். மிக்ஸ் மைனஸை ப்ரீயில வெச்சா ஸ்டுடியோவுல ஃபேடர் இறக்கிட்டு நீங்க டீ சொல்றது, சம்பளம் பேசுறது எல்லாம் ரிப்போர்ட்டர் காதுல விழும். ஒரு தடவை பென்னாகரம் பக்கம் நின்ன பையன் ஒருத்தன் காதுல, அவனை வேலையை விட்டு எடுக்கலாமான்னு இங்க பேசினது முழுசா விழுந்துடுச்சு. அவன் லைவை நல்லாத்தான் முடிச்சான். மறுநாள் வரல.

அதனால எஃபெக்ட் செண்டையே மைனஸா எடுத்துக்கோ, எஃபெக்ட் பெட்டியை யாரும் லைவ்ல பயன்படுத்துறதில்ல. மிக்ஸர் உள்ளயே எக்கோ இருந்தா அதோட ரிட்டர்ன் ஃபேடரை அடியில வெச்சிடு, இல்லன்னா மெயின்ல எக்கோ கேக்கும்.

ஆனா இதுல இன்னொரு சிக்கல் முளைக்குது. டைரக்டர் மைக்கை அதே மிக்ஸர்ல ஒரு சேனல்ல சொருகினா, போஸ்ட் ஆக்ஸ்ல போகணும்னா ஃபேடர் ஏறணும், ஃபேடர் ஏறினா டைரக்டர் குரல் ஊருக்கே கேக்கும். மெயினுக்குப் போறதை நிறுத்துற பட்டன் சேனல்ல இருந்தாப் பிழைச்சோம், சின்ன மிக்ஸர்ல அது இருக்காது. ஐஎஃப்பி செட் இருக்கிறவங்களுக்கு இந்தக் கவலையே இல்ல, டைரக்டர் மைக் அந்தச் செட்டோட டாக்பேக் இன்புட்ல தனியா ஏறிடும். செட் இல்லாதவங்க நாலு சேனல் குட்டி மிக்ஸர் ஒண்ணு தனியா வாங்கிடுங்க. அதுல ஒரு சேனல்ல மைனஸ், இன்னொரு சேனல்ல டைரக்டர் மைக், அவுட் நேரா காதுக்கு. இந்தக் குட்டி மிக்ஸர்ல இருந்து ஏர்ல போற மிக்ஸருக்குத் திரும்புற வழியே இருக்கக்கூடாது.

ஜூன் 15, காலை 6.40

டைரக்டர் பேசுறப்போ ப்ரோக்ராம் சத்தம் முழுசா அறுந்துபோகணுமா, பாதியா இறங்கினாப் போதுமான்னு ஒரு கேள்வி. என் பழக்கம், இறங்கினாப் போதும். முழுசா அறுந்தா ஸ்டுடியோ ஆங்கர் கேட்ட கேள்வியில பாதி போயிடும். செட்டுல அளவு வெக்கிற வசதி இருந்தா 12, 15 டெசிபல் இறக்கம் வெச்சுப் பாருங்க.

ஜூன் 21, இரவு 9.30

ஐஎஃப்பி செட் வாங்க வசதியில்லாதவங்களுக்காக இது. நம்ம மாவட்டத்துல பாதிப் பேர் செய்றது இதுதான்: ரிப்போர்ட்டருக்கு ரெண்டாவது போன்ல கால் போட்டு, அந்தக் கால்லயே மைனஸை அனுப்புறது. நல்ல வழிதான். எச்டி வாய்ஸ் இல்லாத சாதா கால்ல 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் வரும், பேச்சுக்கு அது போதும்.

மிக்ஸர்ல இருந்து போனுக்குள்ள எப்படி ஏத்துறது? ஹெட்செட் ஓட்டை இருக்கிற போன்ல நாலு வளையம் உள்ள 3.5 ஜாக். நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூணாவது எர்த், அடியில இருக்கிற நாலாவது மைக். அப்படிப்பட்ட போன் முக்கால்வாசி இந்த வரிசைதான், பழசு சிலதுல மூணும் நாலும் மாறியிருக்கும். மிக்ஸர் லைன் லெவல் ப்ளஸ் 4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட். போன் மைக் எதிர்பாக்கிறது சில மில்லிவோல்ட்தான். நேரா ஏத்தினா கரகரன்னு உடைஞ்சு கேக்கும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு தொடர்ல, 100 ஓம் ஒண்ணு எர்த்துக்குக் குறுக்க. நூத்துல ஒரு பங்காக் குறையும், 40 டெசிபல். ரெசிஸ்டர் ரெண்டும் சேர்ந்தே ரெண்டு ரூபா, ஜாக் கூட்டுக்குள்ளயே ஈயம் வெச்சு மூடிடலாம்.

ஜூன் 24, மதியம் 12.10

மேல போட்டதை அப்படியே செய்யாதீங்க, நிறுத்துங்க. தப்பு என்னோடது.

காவேரிப்பட்டினத்துல இருந்து ஒருத்தர் அதேபடி பண்ணிட்டு, ஜாக்கைச் சொருகின உடனே கால் கட்டாகுது, சில சமயம் போன் தானா "சொல்லுங்க, என்ன உதவி வேணும்"னு பேச ஆரம்பிக்குதுன்னு எழுதியிருக்கார். எனக்கு முதல்ல புரியல, என் பழைய போன்ல நல்லாத்தானே ஓடுச்சுன்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன்.

காரணம் இது. ஹெட்செட் வயர்ல இருக்கிற பட்டன்களை போன் எப்படிக் கண்டுபிடிக்குதுன்னா, மைக் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவுல எத்தனை ஓம்னு அளந்துதான். ஆண்ட்ராய்டு போனுக்கு 70 ஓமுக்குள்ள இருந்தா கால் எடுக்கிற பட்டன், 135 வாக்குல குரல் உதவி, 240 வாக்குல வால்யூம் ஏத்துறது, 470 வாக்குல இறக்குறது. 1,000 ஓமுக்கு மேல இருந்தாத்தான் அது மைக். நான் சொன்ன 100 ஓமைப் பாத்து, யாரோ பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்காங்கன்னு போன் நினைச்சிருக்கு.

சரியான வழி: போன் பக்கத்துல மைக் பின்னுக்கும் எர்த்துக்கும் குறுக்க 2.2 கிலோ ஓம். மைக் பின்ல இருந்து 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு தொடர்ல, ப்ளஸ் கால் போன் பக்கம். கெபாசிட்டருக்கு அந்தப் பக்கம் பழைய 10 கிலோவும் 100ம். கெபாசிட்டர் இருக்கிறதால போன் தர்ற மைக் வோல்ட் 100 ஓமைப் பாக்காது, 2.2ஐ மட்டும் பாத்து "ஹெட்செட் வந்திருக்கு"ன்னு ஒத்துக்கும். நேத்து ராத்திரி மூணு போன்ல போட்டுப் பாத்துட்டுத்தான் இதை எழுதுறேன். காவேரிப்பட்டினம் அண்ணனுக்கு நன்றி.

ஜூலை 2, இரவு 11.45

கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சிக்குப் போய்ட்டு வந்தேன். பெங்களூரா, செந்தூரா, மல்கோவா, பீத்தர்னு வரிசை வரிசையா தட்டுல அடுக்கி வெச்சிருக்கிற அந்த வாசனைக்குள்ள நுழைஞ்சாலே எனக்குப் பழைய ஒரு நாள் ஞாபகத்துக்கு வந்துடும். இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல.

பத்து வருஷத்துக்கு மேல ஆகுது, இதே மாதிரி ஒரு கண்காட்சியில லைவ். ஆங்கர் ஒரு சின்னப் பொண்ணு, காலேஜ் முடிச்சு வந்த முதல் வருஷம். நான் ஆக்ஸ் அவுட்டை ஹெட்ஃபோன் ஆம்ப் ஒண்ணுல ஏத்தி, அங்கிருந்து அவ காதுக்குக் குடுத்திருந்தேன். முன்னாடி நாள் வேற யாரோ அந்த ஆம்ப்பை முழு வால்யூம்ல வெச்சுட்டுப் போயிருக்காங்க. நான் பாக்கல. டாக்பேக் மைக்கைத் திறந்த நேரம், பக்கத்துல இருந்த மானிட்டர் ஸ்பீக்கர் சத்தத்தை அந்த மைக்கே புடிச்சு, ஊளைச் சத்தம் முழு வேகத்துல அவ காதுக்குள்ள. கேமரா முன்னாடி மாம்பழத் தட்டைக் கையில புடிச்சிருந்தா. தட்டு நழுவல, முகம் மட்டும் வெளுத்துப்போச்சு. ஒரு கையால இயர்பீஸைப் புடுங்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே முடிச்சா. அப்பறம் வேன்ல உக்காந்து காதைப் பொத்திக்கிட்டு அழுதா. ரெண்டு நாள் காதுக்குள்ள ரீங்காரம் நிக்கலைன்னு அவங்க அம்மா போன் பண்ணிச் சொன்னாங்க. அப்பறம் சரியாயிடுச்சு, அது வேற. ஆனா அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல.

அதுக்கப்பறம் நான் மாத்தாம வெச்சிருக்கிற பழக்கம்: வேற ஒருத்தர் காதுக்குப் போற லைன்ல லிமிட்டர் (சத்தத்தை ஒரு அளவுக்கு மேல போக விடாதது) இல்லாம இணைக்கிறதில்ல. பெரிய பெட்டியெல்லாம் வேணாம், நூறு ரூபாய்க்குள்ள ரெண்டு டயோடு எதிரெதிரா வெச்சுக் கட்டின வெட்டும் சர்க்யூட் போதும். சொருகிற வரிசையும் முக்கியம். முதல்ல வால்யூம் பூஜ்யம், அப்பறம் வயர், அப்பறம் பவர், கடைசியா என் காதுல வெச்சுப் பாத்துட்டு வால்யூமைத் திரும்ப இறக்கி அவங்க கையில குடுக்கிறது. வால்யூமை ஏத்துறது அவங்க கையாலதான், என் கையால இல்ல. டாக்பேக் மைக் பக்கத்துல ஸ்பீக்கர் வெக்காதீங்க, ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு டைரக்ட் பண்ணுங்க.

ஜூலை 3, காலை

இயர்பீஸ் ஜாக் பத்தி. சுருள் குழாய் வெச்ச ஒத்தைக் காது இயர்பீஸ்ல ரெண்டு வளையம் உள்ள மோனோ ஜாக்தான் வரும். அதை ஸ்டீரியோ ஹெட்ஃபோன் அவுட்ல சொருகினா வலது சேனல் எர்த்தோட ஷார்ட் ஆயிடும், சில ஆம்ப் சூடாகும், சிலது செத்துப்போகும். நடுவுல ஸ்டீரியோ டு மோனோ அடாப்டர்னு கடையில தர்றது, உள்ள ரெண்டு சேனலையும் நேரா முறுக்கி வெச்சதா இருந்தா அதுவும் ஆகாது. இடதை மட்டும் எடுக்கிற மாதிரி நீங்களே கட்டிக்கோங்க.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு: மிக்ஸரோட பேலன்ஸ்டு அவுட்டும் மூணு வளையம்தான், ஸ்டீரியோ இயர்போனும் மூணு வளையம்தான், பொருந்துதேன்னு நேரா சொருகிடுவாங்க. சத்தம் வரும். ஆனா ஒரு காதுல நேரா, இன்னொரு காதுல தலைகீழா, குரல் மண்டைக்கு வெளியில எங்கயோ மிதக்கிற மாதிரி இருக்கும். அதையே மோனோவாச் சேர்த்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு சத்தமே காணாமப் போயிடும். "வயர் நல்லாருக்கு, மீட்டர்ல காட்டுது, காதுல வரல"ன்னு சொல்ற கேஸ்ல பாதி இதுதான்.

ஜூலை 13, இரவு 10.05

தம்பி அனுப்பின செட்டோட போட்டோ பாத்தேன். பின் வரிசை ரெண்டு வகை உண்டு, ஆர்டிஎஸ், கிளியர்காம்னு ரெண்டு கம்பெனியோட முறை, வாங்கின செட்டும் இடுப்புப் பெட்டியும் ஒரே வகைதானான்னு பாத்துக்கோ. ஆர்டிஎஸ் முறை ஐஎஃப்பியில 1 எர்த், 2ல டிசியும் டைரக்டர் குறுக்கிடுற ஆடியோவும் சேர்ந்து, 3ல குறுக்கீடு இல்லாத வெறும் ப்ரோக்ராம். கிளியர்காம் முறையில 2ல டிசி மட்டும், ஆடியோ 3ல. கிளியர்காம் பெட்டியை ஆர்டிஎஸ் லைன்ல போட்டா லைட் எரியும், ப்ரோக்ராம் கேக்கும், டைரக்டர் கத்தினாலும் காதுக்கு வராது. ரிப்போர்ட்டர் வேணும்னே கேக்கலைன்னு சண்டை வரும். மீட்டரை டிசி 200ல வெச்சு கறுப்பை 1ல, சிவப்பை 2லயும் 3லயும் வெச்சுப் பாரு, வோல்ட் ரெண்டு முறையிலயும் 2லதான் இருக்கும், 3ல இருந்தா யாரோ வயரை மாத்தி ஈயம் வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

ஜூலை 20, மாலை 5.00

ஜெனரேட்டர்ல ஓட்டுறப்போ காது லைன்ல உம்முனு ஹம் வருதுன்னு மூணு பேர் கேட்டாச்சு. மிக்ஸர் ஒரு ப்ளக்ல, ஐஎஃப்பி செட் சவுண்டு சர்வீஸ்காரரோட ப்ளக்ல, ரெண்டு எர்த்தும் வேற வேற இடம், நடுவுல ஆடியோ வயரோட ஷீல்டு பாலமா நிக்குது, 50 ஹெர்ட்ஸ் அதுல ஏறி வந்துடுது. எல்லாத்தையும் ஒரே போர்டுல இருந்து எடுங்க. முடியாதப்போ 600 ஓம் ஒண்ணுக்கு ஒண்ணு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் நடுவுல போடுங்க. அது காய்ஞ்ச லைன்ல மட்டும், ஈர லைன்ல போட்டா டிசி தாண்டாது, இடுப்புப் பெட்டிக்குக் கரண்ட் போகாது.

ப்ளக்ல இருக்கிற எர்த் பின்னை வெட்டுறது மட்டும் வேணவே வேணாம். ஹம் போயிடும், சரிதான். ஆனா ரிப்போர்ட்டர் ஈரத்துல நிக்கிறார், காதுக்குள்ள வயர் இருக்கு. ஆத்தோரத்துல இதைச் செய்றவரைப் பாத்தா அந்த இடத்துலயே லைவை நிறுத்துங்க.

ஜூலை 30, இரவு

ஒகேனக்கல் போய்ப் பாத்துட்டு வந்தேன், தம்பி கூட்டிட்டுப் போனான். பரிசல் துறை கிட்ட மீன் வறுவல் கடைக்கு எதிர்ல நின்னா அருவிச் சத்தம் வந்துக்கிட்டே இருக்கு, ஒத்தைக் காது இயர்பீஸ் அங்க பத்தாது. ரெண்டு காதையும் மூடுற இயர்போன் வேணும், அதுல ஒரு காதுல ப்ரோக்ராம் மைனஸ், இன்னொண்ணுல டைரக்டர் மட்டும். ஆர்டிஎஸ் முறை செட்டுல பின் 3ல வெறும் ப்ரோக்ராம் தனியா வருதே, அதுக்கும் ஸ்டீரியோ இடுப்புப் பெட்டிக்கும் இங்கதான் வேலை. ஒரு காதுல பின் 2, இன்னொரு காதுல பின் 3.

இல்லல்ல, நான் சொன்னதுல ஒரு திருத்தம். "டைரக்டர் மட்டும்" கிடையாது, பின் 2ல ப்ரோக்ராமும் சேர்ந்துதான் வரும், டைரக்டர் பேசுறப்போ அது இறங்கும். மேல இருக்கிறதை அப்படிப் படிச்சுக்கோங்க.

பள்ளத்துல சிக்னல் விட்டு விட்டு வருது. வேன்ல இருந்து ரிப்போர்ட்டர் நிக்கிற இடத்துக்கு 120 அடி கேபிள் இழுத்துட்டா காது லைனுக்கு சிக்னலே தேவைப்படாது, டைரக்டர் வேன்லயே உக்காந்துடலாம்.

ஆகஸ்ட் 4, காலை 8.20

நேத்து முடிஞ்சுது. காலையில இருந்து கூட்டம், காவேரியில தாலி மாத்துறவங்க, முளைப்பாரி விடுறவங்க, தலைக்கு மேல கேபிளைத் தூக்கிக் கட்டித்தான் கொண்டுபோனோம். ரிப்போர்ட்டர் இருவத்திரெண்டு நிமிசம் நிக்காம பேசினார், ஒரு இடத்துலயும் இயர்பீஸைத் தொடல. நடுவுல ஒரு தடவை தம்பி டாக்பேக்ல "அண்ணா, பின்னாடி பரிசல் வருது, திரும்பிக் காட்டுங்க"ன்னு மெதுவா சொன்னான், அவர் பேச்சை நிறுத்தாமயே பக்கவாட்டுல திரும்பினார்.

தம்பி, அந்த ஈர லைன் கேபிள்ல நடு ஜாயின்ட் நேத்து தண்ணியில கிடந்துச்சு. பச்சை பூக்கிறதுக்கு முன்னாடி இன்னிக்கே கழட்டி ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு வெயில்ல வை. சிவப்பு டேப் உரிஞ்சிருக்கும், புதுசு சுத்திடு.